கைக்கும் ஒரு கல்வி வேண்டும்

நூலைக் கற்றவன் தொழிலைக் கற்றவன் ஆகிவிடுவானா? இவ்வினாவை மருத்துவக் கல்வியின் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு முழங்கால் வலியோடு ஒரு மருத்துவரைக் காணச் சென்றேன். இளைஞர், பண்பாளர். எக்ஸ்ரே படத்தை நெடுநேரம் நோக்கினார். என் முழங்காலை ஒருமுறையேனும் தொட்டாரில்லை. அவரை நான் குறைகூறேன். அவருக்குக் கற்பித்த முறையையே குறைகூறுகிறேன்.

“படம் இருக்கக் கை எதற்கு?” என்று வாதிடுவோர் உளர். முதுமையில், வலியே இல்லாதவர் மூட்டிலும் தேய்மானம் படத்தில் தெரிவதுண்டு. தெரிகின்ற தேய்மானம்தான் வலிக்குக் காரணமா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. வீக்கத்தைப் பார்த்து, வெம்மையைத் தொட்டு, மூட்டை அசைத்து அறிதல் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டு ‘கால்ஸ்’ என்னும் எளிய சோதனைமுறை வெளியிடப்பெற்றது. நடை, கைகள், கால்கள், முதுகெலும்பு ஆகிய நான்கையும் சில நிமிடங்களில் நோக்குவது அது. தொடக்கத்தில் மூன்றே வினாக்கள்: தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலியோ விறைப்போ உண்டா? துன்பமின்றித் தாமே உடை உடுத்த முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? இதயத்தையும் நுரையீரலையும் தவறாது சோதிப்பவர் மூட்டுகளை மறந்துவிடுகின்றனர் என்ற கவலையே இதற்கு வித்து. 2006இல் சிறுவர்க்கும் இம்முறை வகுக்கப்பெற்றது.

ஆயினும், முறை இருந்தால் போதுமா? கற்பிக்க வேண்டாமா? இங்கேதான் ஆசிரியனாகிய நான் வாய் திறக்கிறேன். ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் “புரிந்ததா?” என்று கேட்பது கற்பித்தலாகாது. பெய்ட்டன் என்பார் 1998இல் நான்கு படிகளை எடுத்துரைத்தார். ஆசிரியர் பேசாமல் செய்து காட்டுவார். பின்பு விளக்கியபடி செய்வார். மூன்றாவதாக, மாணவன் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். இறுதியில் மாணவனே சொல்லிக்கொண்டு செய்வான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாம் மாதிரிப் பாடம் கண்டு, பின் விரிவுரையாளர் கண்முன் பாடம் நடத்திப் பழகியதும் இதனை ஒத்ததே அன்றோ?

தேர்வும் துணை நிற்க வேண்டும். 1975இல் டண்டியில் ஹார்டனும் அவர்தம் துணைவரும் அறிமுகப்படுத்திய தேர்வுமுறையில், மாணவன் செய்வதைத் தேர்வாளர் கண்ணால் கண்டு மதிப்பிடுகிறார். அத்தகைய தேர்வில் மூட்டுச் சோதனை ஒருபோதும் விடுபடலாகாது. தேர்வில் வாராததை மாணவன் படியான். இதனை நம்மைவிட நன்கறிந்தார் யார்?

ஆசிரியப் பெருமக்களே! மருத்துவக் கல்லூரியை மட்டும் சாடிவிட்டு நாம் தப்ப இயலாது. ழகரம் பிறக்கும் இடத்தைப் பிழையற எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் தருகிறோம். அப்பிள்ளை ‘வாழைப்பழம்’ என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டோமா? அப்பிள்ளையே நாளை மருத்துவராகலாம். நாப் பழகாத தமிழும் கை பழகாத மருத்துவமும் ஏட்டளவே.