மச்சா, உன் மட்சாவுக்கு எதற்குச் சடங்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மட்சா லாட்டே மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. நானும் குடிப்பேன், விரும்பியே குடிப்பேன். என் கோபமெல்லாம் அந்தச் சின்ன டப்பாவின் மேல் தங்க நிறத்தில் அச்சடித்திருக்கிறார்களே, 'செரிமோனியல் கிரேடு' என்று, அந்த இரண்டு வார்த்தைகள் மேல்தான். வீட்டில் மட்சா லாட்டே போடுவது எப்படி என்று சொல்லித்தருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "செரிமோனியல் கிரேடு வாங்குங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாணவர்களும் பாக்கெட் மணியைச் சேர்த்துவைத்து அதையே வாங்கி, அதில் ஒரு டம்ளர் பாலையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையையும் கொட்டுகிறார்கள். இது வீண் வேலை என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

மட்சா என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஜப்பானில் பறிப்புக்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே தேயிலைத் தோட்டத்தின் மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் குறைந்ததும் செடி அதிகப் பச்சையம் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் அந்த நிறம். தேயிலைக்கு இனிப்பான, குழம்பின் ருசி போன்ற ஓர் ஆழத்தைத் தருவது தியானின். வெயில் படும் இலையில் இது கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருளாக மாறும். நிழலில் அந்த மாற்றம் குறைவு. பறித்த இலையை ஆவியில் காட்டி, உருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கினால் அதற்குப் பெயர் தென்சா. தென்சாவை மாவாக அரைத்தால் மட்சா. கல் திரிகையில் ஒரு மணி நேரம் அரைத்தால் 40 கிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால், உங்கள் ஒரு கோப்பைக்காக ஒரு கல் 3 நிமிடம் சுற்றியிருக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

'செரிமோனியல் கிரேடு' என்ற வார்த்தைக்கு ஜப்பானில் சட்டப்படி எந்த விளக்கமும் கிடையாது. எத்தனை நாள் நிழல், எந்தப் பறிப்பு, எந்தக் கல் என்று யாரும் வரையறுத்து முத்திரை குத்துவதில்லை. அது வெளிநாட்டு வியாபாரத்துக்காகப் பிறந்த ஆங்கில வார்த்தை. ஜப்பானின் பழைய தேயிலைக் கடைகள் வேறு மாதிரிப் பிரிக்கின்றன. இது கொய்ச்சாவுக்கு, அதாவது கூழ் போலக் கெட்டியாகக் கலக்கும் தேநீருக்கு. இது உசுச்சாவுக்கு, அதாவது நீர்க்கக் கலக்கும் தேநீருக்கு. இது சமையலுக்கு, பலகாரத்துக்கு. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தனிப் பெயர் இருக்கும். எந்தக் காரியத்துக்கு எது என்று சொல்லி விற்பது நேர்மையான வழி. 'சடங்குத் தரம்' என்று சொல்லும்போது காரியம் போய்விடுகிறது, அந்தஸ்து மட்டும் நிற்கிறது. வார்த்தைக்குக் காவல் இல்லாததால் யார் வேண்டுமானாலும் எந்தப் பொடி மேலும் ஒட்டலாம். ஒட்டுகிறார்கள்.

நம்ம ஊரில் சடங்கு என்றால் பந்தல், மைக் செட், மொய் நோட்டு. இங்கே பந்தலும் இல்லை மைக் செட்டும் இல்லை, மொய் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள் :-)

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் கொண்டுவந்தது எளிமை. சின்ன மண் அறை, கையால் வனைந்த கிண்ணம், மூங்கில் கரண்டி. அவர் காலத்திலேயே அரசியல் எஜமானர் டொயொடோமி ஹிதேயோஷி தங்கத் தகடு போர்த்திய ஒரு தேநீர் அறை வைத்திருந்தார். டப்பா மேல் மின்னுகிற தங்க எழுத்து இந்த இரண்டில் எந்த அறைக்குச் சொந்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது லாட்டே. இத்தாலிய மொழியில் லாட்டே என்றால் பால், அவ்வளவுதான். மட்சா லாட்டே என்றால் மட்சா போட்ட பால். தேநீர்ச் சடங்கில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. இனிப்புப் பலகாரத்தை முன்னாலேயே தின்றுவிட்டுத்தான் தேநீரைக் குடிப்பார்கள். ஆக, பாலில் கலக்கப்போகிற பொடிக்குச் 'சடங்குத் தரம்' என்று பெயர் வைப்பதே முரண்.

பெயர் முரணாக இருந்தால் என்ன, ருசி இருக்குமே என்று கேட்கலாம். அங்கேதான் பணம் வீணாகிறது. உயர்ந்த மட்சாவுக்குக் கொடுக்கிற காசெல்லாம் அதன் மென்மைக்காக, அந்த லேசான இனிப்புக்கும் வாசனைக்கும் கசப்பில்லாத முடிவுக்கும். பாலின் கொழுப்பும் புரதமும் முதலில் அமுக்குவது இந்த மென்மையைத்தான். மேலே சர்க்கரையும் போட்டால் மிச்சமும் காலி. பாலைத் தாண்டி நாக்குக்கு வந்து சேர்வது கொஞ்சம் துவர்ப்பும் கசப்பும் உள்ள முரட்டுப் பொடிதான். பின்பறிப்பு இலைகளில் அது தாராளமாகவே இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா சோற்றில் மீன் குழம்பு ஊற்றினால் நிற்கும், சீரகச் சம்பாவின் மணம் அதில் காணாமல் போகும். எதற்கு எது என்று சமையல் தெரிந்த எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள். விலை குறைந்தது லாட்டேக்கு மோசம் என்று நினைக்காதீர்கள், நல்ல பின்பறிப்புப் பொடி லாட்டேக்கு உண்மையிலேயே பொருத்தமானது.

நிற்க. இதைப் படித்துவிட்டு "அப்படியானால் மட்சாவில் பால் ஊற்றுவதே பாவம்" என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். அவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மட்சாவின் தலைநகரம் என்று சொல்லப்படுகிற ஊஜியிலேயே தேயிலைக் கடைகள் மட்சா ஐஸ்கிரீம் விற்கின்றன. ஒரு பொருளை அதன் சொந்த ஊர்க்காரர்களே பாலில் போட்டுச் சாப்பிடும்போது, வெளியே இருப்பவர்கள் தீட்டுப் பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம். பாலில் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். பாலுக்கு உரியதைப் போடுங்கள் என்பதுதான் என் வாதம்.

"என் காசு, என் டம்ளர், உனக்கென்ன?" நியாயமான கேள்வி. மூன்று நிமிடக் கல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்குத்தான். ஜப்பானில் தென்சா உற்பத்தி 2023-ல் 4,000 டன்னைத் தாண்டியது, 2010-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படியும் போதவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவில் 1717 முதல் இயங்கும் இப்போதோ கடையும், ஊஜியின் மாருக்யூ கொயாமாஎன் நிறுவனமும் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து விற்க வேண்டியதாயிற்று. 2025 வசந்தத்தில் கியோட்டோ ஏலத்தில் தென்சாவின் சராசரி விலை கிலோவுக்கு 8,000 யென்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புதிதாகத் தேயிலைச் செடி நட்டால் ஒழுங்காகப் பறிக்கச் சுமார் ஐந்து வருடம் ஆகும். கல்லும் வேகமாகச் சுற்றாது, சூடேறிப் பொடி கெட்டுவிடும். இப்படி இறுக்கமாக இருக்கிற ஒரு பொருளின் மேல் அடுக்கை, அதன் ருசியே தெரியாத ஒரு பானத்துக்காக எல்லோரும் வாங்கினால், தேநீர் கற்றுக்கொள்கிறவருக்கும் வெறும் நீரில் கலக்கிக் குடிக்கிறவருக்கும் கிடைப்பதில்லை.

விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஜப்பானியத் தேயிலை விவசாயிகளுக்கு வயதாகிறது, தோட்டத்தைத் தொடர ஆளில்லை, கையில் நாலு காசு வந்தால் சந்தோஷம். ஆனால் முதல் பறிப்புக்குப் பின்னும் அதே தோட்டத்தில் இரண்டாம் பறிப்பு இருக்கிறது. அதை அதன் சொந்தப் பெயரிலேயே நல்ல விலைக்கு வாங்கினாலும் விவசாயிக்குத்தான் போகிறது. பொய்ப் பெயரால் கிடைக்கிற கூடுதல் லாபம் நடுவில் டப்பா அச்சடிக்கிறவனுக்கு.

அடுத்து ஆரோக்கியம். "மட்சாவில் சாதாரணக் கிரீன் டீயைவிட 137 மடங்கு ஆன்டிஆக்சிடன்ட்" என்ற வாக்கியத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. இது 2003-ல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் ஒப்பிட்டது ஒரே ஒரு குறிப்பிட்ட பிராண்டு பச்சைத் தேயிலையோடு, அளந்தது இஜிசிஜி என்ற ஒரே ஒரு கேட்டகினை. அதே ஆய்வுச் சுருக்கத்தில் அடுத்த பாதியில், மற்றப் பச்சைத் தேயிலைகளுக்குப் பதிவான மிக உயர்ந்த அளவோடு ஒப்பிட்டால் குறைந்தது மூன்று மடங்கு என்று இருக்கிறது. 137-ஐ எடுத்துக்கொண்டு 3-ஐ விட்டுவிட்டார்கள். இன்னொன்று, நிழலில் வளர்ப்பதே கேட்டகினைக் குறைக்கத்தான். ஆகவே 'உயர்தரம் என்றால் அதிக ஆன்டிஆக்சிடன்ட்' என்று இரண்டையும் ஒரே டப்பாவில் எழுதினால் சிரிக்கத்தான் வேண்டும்.

மாணவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் மட்சாவில் 3.2 கிராம் காஃபின். 2 கிராமுக்கு 64 மில்லிகிராம். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புலம்பக் கூடாது. இரண்டு, தேயிலையின் பாலிஃபினால்கள் காய்கறி, கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைக் குறைக்கும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். இது எந்த டப்பாவிலும் இருக்காது.

திட்டியது போதும். வாங்குவதற்கு முன் டப்பாவைத் திருப்புங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

1. சேர்மானத்தில் பச்சைத் தேயிலை மட்டும் இருக்க வேண்டும். அதிகம் உள்ளதுதான் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரையோ பால் பவுடரோ முதலில் இருந்தால் நீங்கள் வாங்குவது பச்சைச் சர்க்கரை. ஸ்டார்பக்ஸ்கூட அமெரிக்காவில் 2025 ஜனவரியில்தான் சர்க்கரை கலக்காத மட்சாவுக்கு மாறியது.

2. ஊர்ப் பெயர் பாருங்கள். ஊஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று ஏதாவது குறிப்பாக இருந்தால் நல்லது.

3. தேதியும் நிறமும். மஞ்சளோ பழுப்போ அடித்தால் பழசு. சின்ன டப்பாவாக வாங்கி, இறுக்க மூடி, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். 30 கிராம் டப்பாவில் 15 கோப்பை வரும். விலையை 15-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

'கலினரி கிரேடு' என்ற வார்த்தைக்கும் காவல் இல்லை என்பதால் அதையும் நம்ப வேண்டாம். மேலே சொன்ன மூன்றும்தான் துணை.

செய்முறை: ஒரு டீஸ்பூன் தலைதட்டிய பொடி, சுமார் 2 கிராம். டீ வடிகட்டியில் சலித்துக் கிண்ணத்தில் போடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் சோம்பேறித்தனத்தால் விடாதீர்கள். மட்சா கரைகிற பொருள் கிடையாது, மிக நுண்ணிய தூளாக நீரில் மிதக்கிற பொருள். கட்டி விழுந்தால் கடைசி வரை கட்டிதான். சர்க்கரை வேண்டுமென்றால் இப்போதே பொடியோடு கலந்துவிடுங்கள், கட்டியும் விழாது. தண்ணீர் 60 மில்லி, 80 டிகிரிக்குள். தெர்மாமீட்டர் வேண்டாம். கொதித்த தண்ணீரை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி இரண்டு மூன்று ஆத்து ஆத்தினால் அந்தப் பக்கம் வந்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்புதான் தூக்கும். முதலில் கொஞ்சம் நீர் விட்டுப் பசையாக்கி, பிறகு மீதியை ஊற்றி வேகமாக அடியுங்கள். மூங்கிலில் செய்த சாசென் இருந்தால் அழகு. இல்லாவிட்டால் காபி நுரைக்க விற்கும் பேட்டரிக் கலக்கி போதும். அதுவும் இல்லாத ஹாஸ்டல்வாசிகள் ஆறிய நீரோடு மூடி போட்ட பாட்டிலில் குலுக்கலாம். சூடான நீரை மூடிக் குலுக்கிவிடாதீர்கள், மூடி தெறிக்கும். காய்ச்சிக் கொஞ்சம் ஆறிய பால் 150 மில்லி, ஏடு நீக்கி ஊற்றுங்கள். ஐஸ் போட்டுக் குடிப்பவர்கள் குளிர்ந்த பாலின் மேல் மட்சாவை ஊற்றுங்கள். வைத்துக் குடிக்காதீர்கள், அடியில் தங்கிவிடும்.

ஐந்து நிமிட வேலை. இதில் எங்கேயாவது சடங்கு இருக்கிறதா? ஒரு நல்ல டம்ளர் பால் இருக்கிறது, அதில் யாரோ மூன்று வாரம் பந்தல் போட்டு வளர்த்த ஓர் இலை இருக்கிறது. அந்த இலைக்குச் செய்யும் மரியாதை, அதை அதன் உண்மையான பெயரில் வாங்குவதுதான்.

பி.கு.: செரிமோனியல் டப்பா ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். பால் ஊற்றாமல், சர்க்கரை போடாமல், வெறும் நீரில் ஒரு முறை அடித்துக் குடித்துப் பாருங்கள். நிஜமாகவே நல்ல பொடி என்றால் அப்போது தெரியும். மோசமான பொடி என்றாலும் அப்போதுதான் தெரியும் :-)