முதலில் காலை அளந்து பாருங்கள்

கையில் நாற்பதாயிரம் இருக்கிறது, ரோடு பைக் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது கால் நீளத்தை. எந்த கம்பெனி என்று பேச்சு தொடங்கும் என எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் கேட்பது டெய்லரிடம் கொடுக்கும் அளவு அல்ல. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுந்துமோ அப்படி மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள அளவை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 80 செ.மீ. கால் என்றால் 70.6 செ.மீ. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது. வேதவாக்கு இல்லை, தொடங்குவதற்கு ஒரு புள்ளி. கடையில் சீட்டை அந்த உயரத்தில் வைக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து, பிரேக் பிடியின் மேல் கையை வையுங்கள். முழங்கை லேசாக மடிந்திருந்தால் சரி. கை விறைப்பாக நீண்டு, தோள் காதுப் பக்கம் ஏறினால் அந்த ஃப்ரேம் உங்களுக்குப் பெரிது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிக்கட்டலாம், அதற்கு மேல் முடியாது.

டயர் தேய்ந்தால் வேறு போடலாம். சீட் குத்தினால் மாற்றலாம். பெடல், கைப்பிடி டேப், ஏன், சக்கரத்தைக்கூட அடுத்த தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம். ஃப்ரேமின் அளவையும், அதில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்பதையும், பிரேக் வகையையும் பிறகு மாற்ற முடியாது. காசு குறைவாக இருக்கும்போது மாற்ற முடியாதவற்றைத்தான் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் கடையில் கண் போவது நிறத்துக்கும், ஃப்ரேமில் எழுதியிருக்கும் பெயருக்கும், தள்ளுபடி அட்டைக்கும்.

தள்ளுபடியைப் பற்றி ஒன்று. போன வருட மாடல் பாதி விலைக்கு வருகிறது என்றால், எந்த அளவு மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். நடுத்தர அளவுகள் முதலிலேயே போயிருக்கும். மிஞ்சி நிற்பது பெரும்பாலும் மிகச் சிறியதும் மிகப் பெரியதும். என் அக்கா மகன் ஐந்தடி நான்கு அங்குலம். ஆறடிக்காரருக்கான ஃப்ரேம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, பதினெட்டாயிரம் குறைச்சுத் தர்றாங்க, சீட்டை இறக்கிக்கலாம்ல?" என்று கேட்டான். சீட்டை இறக்கலாம்டா, ஹேண்டில்பாரை யார் கிட்டே இழுப்பது?

அடுத்தது கியர். "21 கியர்" என்று ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருப்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்ற பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். எத்தனை கியர் என்பதைவிட எத்தனை பல் என்று எண்ணுவது பயன்படும். முன்பக்கப் பல்சக்கரங்களில் சிறியதும் பின்பக்கத்தில் பெரியதும் சேர்ந்தால் எவ்வளவு இலகுவாகும்? முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே ஒரு சுற்று, கிட்டத்தட்ட 2.1 மீட்டர். சென்னையில் ஈ.சி.ஆரில் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு இது தேவைப்படாது. அங்கே எதிரி காற்று. சேலத்துக்காரர் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ, நாமக்கல்காரர் கொல்லிமலையின் 70 வளைவுகளையோ மனதில் வைத்திருந்தால், பின்னால் 25 பல்லோடு நிற்கும் வண்டியை வாங்கி முழங்காலைப் பலி கொடுக்க வேண்டாம்.

ஷிமானோவின் ரோடு கியர் வரிசையில் டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிகள் உண்டு. நடுப்படிகளின் இடத்துக்கு க்யூஸ் என்ற புது வரிசை வந்துகொண்டிருக்கிறது. நாற்பதாயிரத்துக்குள் கிடைப்பது பெரும்பாலும் அலுமினிய ஃப்ரேமும் முதல் ஒன்றிரண்டு படிக் கியரும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கியரில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம், பிரேக் லீவரிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்ற முடிய வேண்டும் என்பது. 1990இல் ஷிமானோ இதைத் தன் உச்ச வரிசையான டியூரா ஏஸில் கொண்டுவந்தபோது அது பந்தயக்காரர்களின் வசதி. இன்று திடீரென ஷேர் ஆட்டோ நிற்கும் சாலையில் அது உயிர்க் காப்பு.

கார்பன் ஃப்ரேம் ஆசையை இந்த பட்ஜெட்டில் மறந்துவிடலாம். ஒரு கிலோ எடையைக் குறைக்க ஆயிரங்களைக் கொட்டுகிறார்கள். நிரம்பிய தண்ணீர் பாட்டிலே முக்கால் கிலோ இருக்கும். சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நாம் மிதிப்பதில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. வேகம் இரட்டித்தால் காற்றைத் தள்ளும் சக்தி எட்டு மடங்கு வேண்டும். முழங்கையை மடக்கிக் குனிந்தால் கிடைக்கும் லாபத்துக்கு யாரும் பில் போடுவதில்லை, உடம்பு மட்டும் பழக வேண்டும். நீண்ட தூரத்துக்கும் இதே கதைதான். பி.ஆர்.எம். என்ற, நேர வரம்புக்குள் முடிக்கும் நீள்சவாரியில் 200 கி.மீ.க்குத் தரப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. மணிக்கு 15 கி.மீ.க்கும் சற்றுக் கீழே. டீக்கும் இட்லிக்கும் இறங்கும் நேரமும் இதில் அடக்கம். அதற்கு கிளாரிஸ் போட்ட அலுமினிய வண்டி தாராளம்.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 28 மி.மீ. கட்டாயம் நுழைய வேண்டும், 32 நுழைந்தால் நல்லது. தார் போடுவதற்காகச் சுரண்டிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் நம் சாலைகளில் 23 மி.மீ. டயர் என்பது வேண்டுதல் நிறைவேற்றுவதுபோல. பெரும்பாலான ரோடு பைக்கில் வருவது மெலிந்த பிரெஸ்டா வால்வு. பெட்ரோல் பங்க் குழாய் அதில் நேரடியாகப் பொருந்தாது. மேலே திருகும் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படித் தனியாக வாங்க வேண்டியவை இன்னும் உண்டு. அதனால்தான் நாற்பதாயிரத்தையும் வண்டிக்கே கொடுக்காதீர்கள் என்கிறேன். ஏழெட்டு ஆயிரத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். ஹெல்மெட், அளவுமானி வைத்த பம்ப், முன்பின் விளக்கு, மாற்று ட்யூப், பூட்டு, பேட் வைத்த ஷார்ட்ஸ். சீட்டுக்கு மேல் போடும் ஜெல் உறையை வாங்க வேண்டாம். அது உட்காரும் இடத்தை வழுக்க வைக்குமே தவிர வலியைத் தீர்க்காது.

பழைய வண்டி? தாராளமாகப் பாருங்கள். 2020 ஊரடங்கில் ஆசையாக வாங்கி, பால்கனியில் துணி காயப்போடும் கம்பியாகிவிட்டவை நிறைய. போகும்போது அங்குல டேப் கொண்டு போங்கள். செயினில் ஒரு பின்னிலிருந்து பன்னிரண்டு முழு கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒன்று என்றால் பின்பல்லும் சேர்ந்து போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சீட் கம்பியைத் தளர்த்தி மேலே இழுத்துப் பாருங்கள். பல மாதம் ஒரே இடத்தில் இருந்தது ஃப்ரேமோடு இறுகிப் போயிருக்கலாம். ஹேண்டில்பார் சேரும் முன்குழாயின் அடியில் பெயின்டில் விரிசல் விழுந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கிராங்க்குக்கு அடியில் குத்தியிருக்கும் ஃப்ரேம் நம்பர் பில்லில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வண்டி எடுத்தவர்களுக்கு மட்டும் இன்னொன்று. முதல் சில வாரங்களில் கேபிள் இளகும், கியர் ஒரு பல்லில் நிற்காமல் கடகடவென்று தாவும். வண்டி மட்டம் என்று திட்டிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் முதல் சர்வீஸ் இலவசம். போகும்போது பின்கியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புகிறார் என்று அந்த மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பாருங்கள். அரைச் சுற்றுக்கு மேல் இருக்காது. அடுத்த முறை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.