வராத புயலும் தப்பாத கணிப்பும்

2019 மே 20 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரிலும் அதைச் சுற்றியும் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்நாட்டின் புயல் முன்கணிப்பு மையம், தன் ஐந்து படி அபாய அளவையில் உச்சப் படியை அறிவித்திருந்தது. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றுகள் அன்று வரத்தான் செய்தன. ஆனால் அஞ்சிய அளவுக்குப் பேரழிவு இல்லை. ஒரு நாள் படிப்பும் வியாபாரமும் போனதுதான் மிச்சம் என்று யாரும் சொல்லலாம். ஆனால் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2013-இன் அதே மே 20-இல், பக்கத்திலுள்ள மூர் என்ற ஊரில் 24 பேரைச் சுழற்காற்று பலிகொண்டது. அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். அன்று பள்ளி நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு நாட்களையும் சேர்த்துப் பார்க்கிறவர், வராத பேரழிவுக்காக விடுத்த எச்சரிக்கையைத் தவறு என்று சொல்லத் தயங்குவார். தயங்கத்தான் வேண்டும்.

வசந்த கால வானிலை அந்தச் சமவெளியில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்தத் தடுமாற்றம் ஏன் என்பது புரியும். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று தரையோடு தவழ்ந்து வருகிறது. மேற்கின் மேட்டு நிலங்களிலிருந்து வரும் சூடான உலர்காற்று அதன் மேல் படர்ந்து, கொதிக்கும் பானைக்கு மூடி போட்டதுபோல் அழுத்தி வைக்கிறது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. பிற்பகல் வெயிலில் மூடி திறந்துகொண்டால் ஒரு மணி நேரத்துக்குள் மேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, ஆலங்கட்டியும் சுழற்காற்றும் வரும். மூடி திறக்காவிட்டால் வெறும் புழுக்கத்தோடு பொழுது போய்விடும். அதன்பின் அந்தக் குளிர்காற்றின் முன்விளிம்பு கடந்து போகும்போது வெப்பநிலை சில மணி நேரத்தில் 15 டிகிரி செல்சியஸ்கூடச் சரியும். பகலில் விசிறி தேடியவர் இரவில் கம்பளி தேடுவார். மூடி திறக்குமா என்பதை ஓரிரு டிகிரி வேறுபாடு தீர்மானிக்கிறது. முந்தைய நாளே அதை உறுதியாகச் சொல் என்று கேட்பது கணிப்பாளரிடம் ஜோசியம் கேட்பது.

உறுதி இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே என்ற கொள்கையையும் அமெரிக்கா பார்த்துவிட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அரசின் முன்னறிவிப்புகளில் டொர்னாடோ பற்றிப் பேசுவது தவிர்க்கப்பட்டது. 1925 மார்ச் 18-இல் மிசூரி, இல்லினாய், இந்தியானா மாநிலங்களை ஒரே சுழற்காற்று கிழித்துக்கொண்டு போனபோது 695 பேர் மாண்டனர். அவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. 1948 மார்ச்சில் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கியது; ஐந்தே நாட்களில் மறுபடியும் அதே சூழல் கூடுவதைக் கண்ட ஃபாபுஷ், மில்லர் என்ற இரு ராணுவ வானிலை அதிகாரிகள் துணிந்து முன்னறிவிப்புக் கொடுத்தார்கள். அது பலித்தது. அன்றைக்குப் பலிக்காமல் போயிருந்தாலும் அவர்கள் செய்தது சரியான காரியம்தான் என்பேன்.

'புலி வருது' கதைதான் இதற்கு எதிரான வலுவான வாதம். அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பொய்த்துவிடுகின்றன. 2011 மே 22-இல் மிசூரியின் ஜாப்ளின் நகரில் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுழற்காற்று தரை தொடுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. ஆனாலும் பலர் முதல் சங்கொலிக்கு அசையவில்லை. அடிக்கடி கேட்டுப் பழகிய ஒலி என்று இன்னொரு உறுதிப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. ஆக, பொய்த்த எச்சரிக்கைக்கு விலை உண்டு. அந்த விலையைக் குறைக்க அமெரிக்கக் கணிப்பாளர்கள் எச்சரிக்கைகளை மறைக்கவில்லை, கூர்மைப்படுத்தினார்கள். முழு மாவட்டத்துக்கும் அபாயம் அறிவிக்கும் பழக்கத்தை 2007-இல் கைவிட்டு, புயலின் பாதையில் உள்ள பகுதியை மட்டும் வரைந்து காட்டத் தொடங்கினார்கள். ஜாப்ளினுக்குப் பிறகு, வரப்போகும் சேதத்தின் அளவையும் எச்சரிக்கையிலேயே சொல்லும் முறை வந்தது.

நம் ஊருக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, முன்னறிவிப்பு போதவில்லை என்று மாநில அரசே குறை கூறியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவைத்த பிறகு எதிர்பார்த்த மழை வராமல் போகவே, கேலிப் படங்கள் பறந்தன. இரண்டு பக்கமும் வசை வாங்கும் வேலை கணிப்பாளருடையது. ஒருநாள் பலிக்காததை வைத்து மதிப்பெண் போடாமல், பத்தில் எத்தனை முறை நடக்கும் என்று சொன்னார்களோ அத்தனை முறை நடந்ததா என்று கணக்குப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

அந்தக் கணக்கிலும் எல்லோருடைய பங்கும் ஒன்றல்ல. நிலவறை உள்ள வீட்டுக்காரருக்குப் பத்து நிமிட எச்சரிக்கை போதும், கீழே இறங்கிவிடலாம். அலபாமா, மிசிசிப்பி கிராமங்களில் தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்திய இலேசான வீடுகளில் வசிக்கிறவர்கள் ஏராளம். பலத்த சுழற்காற்றில் அந்த வீடு தாங்காது. அங்கே சுழற்காற்று நள்ளிரவிலும் வரும். பிள்ளைகளையும் முதியவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பொதுப் புகலிடம் போய்ச் சேரப் பத்து நிமிடம் பத்தாது. புயல் வருவது உறுதியாகும் வரை காத்திருந்தால் அவர்கள் கிளம்பவே முடியாது. முந்தைய மாலையே கிடைக்கும், பாதிக்கும் மேல் பொய்க்கக்கூடிய அறிவிப்புதான் அவர்களுக்குப் பயன்படுகிற அறிவிப்பு.