கோப்ராவா, செவனா?

பிரிட்டன்ல ஸ்போர்ட்ஸ் கார் கிட் வாங்கி வீட்டு கராஜ்லயே பூட்டணும்னு கிளம்புறவங்க பலரும் முதல்ல மயங்குறது ஏசி கோப்ரா ரெப்ளிகாலதான். 1962-ல வந்த வண்டி, அந்த வளைவு நெளிவு அப்படி! ஆனா என் ஓட்டு லோட்டஸ் செவனுக்குத்தான்.

1957-ல வந்த செவன் அப்பவே கிட்டாதான் போச்சு. முழுசா பூட்டி வித்தா வரி, உதிரியா வித்தா வரி இல்ல (சாப்மன் மூளையே மூளை!). 1973-ல உரிமையை வாங்கின கேட்டர்ஹாம் இன்னிக்கும் கிட்டா விக்குது.

கோப்ரா ரெப்ளிகான்னா பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் உடம்பு. கதவு, பானெட் இடுக்கெல்லாம் சரிபண்ணி, தேய்ச்சு, பெயிண்ட் அடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். சனி, ஞாயிறு மட்டுமே கையில இருக்கிற என்னை மாதிரி பொட்டிதட்டிக்கு அது வருஷக்கணக்கா தார்ப்பாய்க்குள்ளயே கிடக்கும். போட்ட காசும் கூடவே கிடக்கும். செவன்ல தேய்ச்சுப் பொருத்த இரும்புக் கதவே கிடையாது, பாதி உடம்பு தட்டையான அலுமினியத் தகடு. மழை வந்தா நனையணுமேங்கறீங்களா? கோப்ராவுல மட்டும் என்ன வாழுதாம் :-)