ஆன்மாவை விற்றவர்களும் பாடலை விற்காதவரும்

மாயக்கதைத் தொடர்களை விரும்பிப் பார்க்காத இளைஞர் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று அரியர். அத்தொடர்களில் அடிக்கடி வரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. இடுக்கண் உற்ற ஒருவன் பேயை அழைக்கிறான். பேய் அவன் வேண்டியதைத் தருகிறது. விலையாக அவனுடைய ஆன்மாவைக் கேட்கிறது. “இந்தப் பேரத்துக்கு விதி ஏதும் உண்டா, அப்பா?” என்று பிள்ளைகள் வினவுங்கால், “எல்லாம் கட்டுக்கதை” என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். கட்டுக்கதைதான், ஆயினும் கட்டுக்கதைக்கும் கணக்குண்டு. அக்கணக்கு குடும்பம் நடத்துவோர் யாவரும் அறிந்திருக்கத் தக்கது. ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக்கொண்டோம்.

மேல்நாட்டில் இக்கதைக்கு மூலபுருடர் பௌஸ்ட் என்னும் செர்மானியப் பண்டிதர். 1587ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரில் அச்சான சிறு நூல் ஒன்று இவர் கதையைப் பரப்பியது. அறிவும் இன்பமும் வேண்டிச் சாத்தானின் ஏவலாளனோடு இவர் 24 ஆண்டுத் தவணைக்கு ஒப்பந்தம் செய்தார். தம் குருதியாலேயே கையொப்பமிட்டார். தவணை முடிந்ததும் சாத்தான் வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டான். பின்னர் இக்கதையை மார்லோ ஆங்கிலத்தில் நாடகமாக்கினார். கதே செர்மன் மொழியில் பெருங்காப்பியமாகவே வளர்த்தார்.

இதன் பேரன்மார்தாம் இன்றைய தொலைக்காட்சிப் பேய்கள். 2005 முதல் 2020 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரை நம் பிள்ளைகள் நன்கறிவர். அதில் பேரம் நடக்குமிடம் நாற்சந்தி. சந்தியின் நடுவே சில பொருள்களைப் பெட்டியிலிட்டுப் புதைத்தால் பேய் தோன்றும். பேரம் படிந்தால் முத்தமே முத்திரை. வழக்கமான தவணை 10 ஆண்டு. தவணை கழிந்த நாளில், பிறர் கண்ணுக்குப் புலப்படாத நரகத்து நாய்கள் வந்து கடனாளியை இழுத்துச் செல்லும். இறந்த தம்பி சாமை உயிர்ப்பிக்க வேண்டி அண்ணன் டீன் தன் ஆன்மாவை விற்கிறான். அவனுக்குப் பேய் தந்த தவணையோ ஓராண்டே. பேய் ஏன் பத்தை ஒன்றாக்கிற்று? எதிரே நிற்பவன் இல்லை என்று சொல்ல மாட்டாதவன் என்பதை அது அறியும். துயரின் அளவுக்குத் தக்கபடி விலையும் ஏறுகிறது.

இவ்வகைக் கதைகளைக் கூர்ந்து நோக்கின் மூன்று விதிகள் புலனாகும். முதலாவது, பேய் பலவந்தம் செய்வதில்லை. வேண்டி வந்தவனுக்கே கொடுக்கிறது. இரண்டாவது, பேச்சுப்படி பொருளைத் தந்துவிடுகிறது. எழுத்தளவில் அது நேர்மை தவறாத வணிகன். மூன்றாவது, அது கேட்கும் விலை இன்று கையை விட்டுப் போவதன்று. என்றோ ஒருநாள் போவது. பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கும்போது கை சற்றுத் தயங்கும். கண்ணால் காணாத பொருளை எழுதிக் கொடுக்கும்போது கை தயங்குவதில்லை. பேயின் வணிகம் இந்த ஒரு தயக்கமின்மையை முதலாகக் கொண்டே நடக்கிறது.

பத்திரத்தைக் கவனமாகப் படித்தால் தப்பலாமே என்று சிலர் நினைக்கக் கூடும். ‘ட்விலைட் ஸோன்’ என்னும் பழைய அமெரிக்கத் தொடரில் 1959ஆம் ஆண்டு வந்த ஒரு கதை இதற்கு விடை. பெடெக்கர் என்பவன் ஆன்மாவைக் கொடுத்துச் சாகாவரம் பெறுகிறான். வாழ்வு சலித்தால் சாவைக் கேட்டுப் பெறலாம் என்ற விலக்கு விதியும் பத்திரத்தில் உண்டு. சாகாதவனுக்கு அச்சமில்லை, அச்சமில்லாதவனுக்கு எதிலும் சுவையில்லை. மனைவி மாடியிலிருந்து விழுந்து மடிகிறாள். மின்சார நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் ஆசையால் தானே அவளைக் கொன்றதாகச் சொல்லிக்கொள்கிறான். வழக்கறிஞரின் திறமையால் அவனுக்குக் கிடைப்பது மரணதண்டனையன்று, ஆயுள் தண்டனை! முடிவில்லா ஆயுளுக்கு முடிவில்லாச் சிறை. விலக்கு விதியைக் கேட்டு வாங்கி மாண்டு போகிறான். பத்திரத்தைப் படித்தவன் தன்னைப் படிக்கவில்லை.

நம் நாட்டுக் கதைகளோ வேறு வழியில் செல்கின்றன. இதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. நம்மவர் பலர் குடியிருக்கும் காக்கநாட்டை அடுத்தே திருக்காக்கரை வாமனமூர்த்தி கோயில் உள்ளது. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இதுவே. ஓணத்தின் மூலக்கதையும் ஒரு பேரந்தான். மாவலியின் கொள்ளுப்பாட்டன் இரணியன், மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும் சாவு கூடாதென்று ஓட்டையில்லாத வரம் பெற்றான். அந்தியில், வாயிற்படியில், நரசிங்கத்தின் கையில் மாண்டான். மாவலியோ மூன்றடி மண் கேட்ட குறளுருவினரிடம், அளக்கும் அடி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. குரு சுக்கிராசாரியார் எச்சரித்தார். எச்சரிக்கையைக் கேட்ட பின்னரும், கொடுத்த சொல்லை மீட்க மாட்டேன் என்று நீர் வார்த்தான். உலகம் போயிற்று, ஆனால் ஆண்டுக்கொரு முறை ஒரு நாடே பூக்கோலமிட்டு அவனை வரவேற்கிறது. வரத்தில் ஓட்டையடைத்தவன் தோற்றான். சொல்லைக் காத்தவன் நின்றான்.

இதனினும் நெருங்கிய கதை திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் உள்ளது. கைசிக ஏகாதசி இரவில் இறைவனைப் பாடச் சென்ற பாணர் நம்பாடுவானைப் பிரமராட்சசு ஒன்று உண்ணப் பிடித்தது. “பாடி முடித்துத் திரும்பி வருவேன்” என்று 18 சபதங்கள் செய்து விடைபெற்றார் அவர். பாடினார், திரும்பினார். வழியில் கிழவர் உருவில் வந்த இறைவன், வேறு பாதையில் போய்த் தப்பும்படி சொல்லியும் மறுத்தார். தன் முன் வந்து நின்றவரைக் கண்ட இராட்சசு பசியை மறந்தது. “உன் பாட்டின் பலனைக் கொடு” என்று கேட்டது. உயிரை எடுத்துக்கொள், பலனைக் கேளாதே என்றார் அவர். முழுப்பலன், பாதி, ஒரு யாமத்தின் பலன் என்று இறங்கி இறங்கிக் கெஞ்சியது. கடைசியில், முற்பிறவியில் வேள்வியில் பிழைத்ததால் இவ்வுருவெடுத்த தன் கதையைச் சொல்லி அழுதபின், ஒரே ஒரு கைசிகப் பண்ணின் பலனை அளித்து அதற்கும் விடுதலை தந்தார். இன்றும் அக்கோயிலில் அவ்விரவில் இது நாடகமாக நடிக்கப்பெறுகிறது.

மேல்நாட்டுக் கதையில் மனிதன் பேயிடம் கெஞ்சுகிறான். இக்கதையில் பேய் மனிதனிடம் கெஞ்சுகிறது. காரணம் ஒன்றே. நம்பாடுவான் தம்மிடம் எது கொடுக்கத்தக்கது, எது கொடுக்கத்தகாதது என்று பிடிபடுமுன்னரே அறிந்திருந்தார். உடம்பைக் கொடுக்க இசைந்தார். பாடலை விற்க இசையவில்லை. இறுதியில் அவர் கொடுத்ததும் விலையன்று, இரக்கம்.

இதனை ஏன் இவ்வளவு விரிக்கிறோம்? ஊரில் அவசரமென்றால் கைமாற்றுக்கு மாமனோ பங்காளியோ இருந்தனர். பிழைப்புக்காக இங்கு வந்த குடும்பத்துக்கு நள்ளிரவில் மருத்துவச் செலவு வந்தால், கதவைத் தட்டச் சொந்தமில்லை. கைப்பேசியே நாற்சந்தியாகிறது. ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஒரு செயலி தோன்றுகிறது. அது கேட்பது நகையன்று, நிலப்பத்திரமன்று; கைப்பேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் காண ஓர் அனுமதி. அதற்கு விலையேது என்று விரலை வைக்கிறோம். தவணை தப்பிய நாளில் ஊரிலுள்ள சம்பந்தி வீட்டுக்கு அழைப்புப் போகிறது. அப்பொழுதுதான் தெரிகிறது, நாம் அடகு வைத்தது மானத்தை என்பது. இத்தகைய இழிவால் உயிரையே மாய்த்துக்கொண்டோர் நம் நாட்டில் உண்டு.

பேய்க்கதைகளில் இல்லாத ஒரு துணை நமக்குண்டு. ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டில் டிஜிட்டல் கடனுக்கு நெறிமுறைகள் வகுத்தது. கடனின் முழுச் செலவையும் காட்டும் குறிப்பை முன்னரே தர வேண்டும். குறித்த சில நாளுக்குள் அசலையும் அந்நாளைய வட்டியையும் கட்டி, அபராதமின்றிக் கடனை விட்டு விலக இடம் தர வேண்டும். கைப்பேசியின் பெயர்ப்பட்டியலைத் தொடக்கூடாது என்பன அவற்றுட் சில. பெயர்ப்பட்டியலைக் கேட்கும் செயலி விதிக்குப் புறம்பானது என்று அக்கணமே அறிந்துகொள்ளலாம். ஏற்கெனவே அகப்பட்டோர் நாணத்தால் ஒளிய வேண்டா. 1930 என்ற எண்ணில் இணையக் குற்ற உதவியை அழைக்கலாம்.

பிள்ளைகள் அடுத்த முறை கேட்டால் எழுந்து போகாமல் விடை சொல்வோம்: பேரத்தின் முதல் விதி, அவசரத்தில் இருப்பவன் தனியாக முடிவு செய்யலாகாது என்பது. சங்கத்து அன்பர் எவரேனும் இரவில் நம் கதவைத் தட்டினால், அவரைத் திறந்து உள்ளே அழைப்போம். தட்டுவதற்கு ஒரு கதவு உள்ளவனை நாற்சந்திக்கு அழைப்பது எந்தப் பேய்க்கும் எளிதன்று.