போனைப் புடுங்கிட்டா போதுமா?

"பிள்ளைங்க கையில போனே குடுக்காதீங்க"ன்னு மேடை போட்டு அறிவுரை சொல்றவங்க எல்லாரையும் ஒரு வாரம் எங்க காரைக்கால்ல கொண்டு வந்து தங்க வைக்கணும். இங்க பல வீடுகள்ல அப்பாவோ அத்தாவோ வளைகுடாவுல இருப்பாங்க, இல்ல சிங்கப்பூர், பிரான்ஸ். ராத்திரி வீடியோ கால்லதான் பிள்ளைங்க அவங்க முகத்தையே பாக்குதுங்க. அப்பாவைக் காட்டுற அதே சன்னல்ல விரலை நகர்த்தினா ரீல்ஸ். எதைன்னு புடுங்குறது?

தடை போட்டா எல்லாம் சரியாயிடும்கிற கட்சி ஒண்ணு இருக்கு. 2019 ஏப்ரல் 3-ல மதுரை உயர்நீதிமன்றக் கிளை டிக்டாக் டவுன்லோடைத் தடை செய்யச் சொல்லுச்சு. அதே மாசம் 24-ம் தேதி தடையை நீக்கிட்டாங்க. 2020 ஜூன் 29-ல மத்திய அரசு டிக்டாக்கையும் சேத்து 59 ஆப்களை மூடுச்சு (பிள்ளைங்களுக்காக இல்ல, சீனாக்காரனுக்காக). அடுத்த மாசமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துச்சு, செப்டம்பர்ல யூட்யூப் ஷார்ட்ஸ். கடை மாறுச்சே தவிர சரக்கு அதேதான்.

பொட்டி தட்டுறவன்கிற முறையில ஒண்ணு சொல்றேன் மக்களே. அந்த ஸ்க்ரோல் முடியாம ஓடுறது தற்செயல் கிடையாது. 2006-ல ஏசா ராஸ்கின்னு ஒருத்தர் வடிவமைச்சது, பின்னாடி அவரே அதுக்காக வருத்தப்பட்டார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருக்கு, மெகா சீரியலுக்குக்கூட 'தொடரும்' உண்டு. இதுக்கு ஒண்ணும் இல்ல. எந்த வீடியோவுல எத்தனை செகண்ட் நின்னோம்கிறதை எண்ணிக்கிட்டே இருக்கும், அடுத்து அதே ஜாதி வீடியோவா இறக்கும்.

எங்க அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. மச்சான் கத்தார்ல. ஃபில்டர் போடாம அப்பாகிட்ட வீடியோ கால்லயே முகம் காட்ட மாட்டேங்குறா! கேட்டா, "கலராகுறது எப்படின்னு நான் தேடவே இல்ல மாமா, அதுவா வருது"ங்கிறா. பொய் இல்ல, அப்படித்தான் வரும். அழகைக் கழட்டிக் குடுத்துட்டு பேய் உருவம் கேட்டு வாங்கின அம்மையார் பொறந்த ஊருங்க இது! 2021-ல வெளிய கசிஞ்ச ஃபேஸ்புக் கம்பெனியோட சொந்த ஆய்வுலயே இது இருந்துச்சு. தன் உடம்பைப் பத்தித் தாழ்வா நினைச்ச டீனேஜ் பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குதுன்னு சொல்லியிருந்தாங்க.

அக்காவையும் அவளையும் பக்கத்துல உக்கார வச்சு செட்டிங்ஸைத் திறந்தேன். பிறந்த வருஷம் 1995! போன் வாங்கின கடையிலயே கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தாங்களாம். இன்ஸ்டாகிராம் கணக்குப்படி அவ எனக்கே அக்கா :-) 2025 பிப்ரவரியில இருந்து இந்தியாவுல டீன் அக்கவுன்ட் இருக்கு. தானா ப்ரைவேட்டா இருக்கும், ராத்திரி 10 மணிக்கு மேல நோட்டிஃபிகேஷன் வராது, 16 வயசுக்குக் கீழன்னா பெத்தவங்களைக் கேக்காம எதையும் தளர்த்த முடியாது. வயசைப் பொய்யா குடுத்தா இதுல எதுவும் வேலைக்கு ஆகாது.

ஏசர் 2024 கணக்கெடுப்புல, சோஷியல் மீடியா பாக்குற கிராமத்து 14-16 வயசுப் பிள்ளைங்கள்ல 62 சதவீதம் பேருக்குத்தான் ஒருத்தரை ப்ளாக் பண்ணத் தெரிஞ்சிருக்கு. பெத்தவங்களைக் கேட்டிருந்தா என்ன வந்திருக்குமோ!

ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10-ல இருந்து 16 வயசுக்குக் கீழ கணக்கே வச்சிருக்கக் கூடாது. இங்கயும் அப்படிச் சட்டம் வேணும்னு பேசிக்கிறாங்க. வரட்டும், நான் எதிரி இல்ல. ஆனா எந்தச் சட்டமும் எங்க அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து அந்த 1995-ஐத் திருத்தப் போறதில்ல.

பழைய கணக்கை அழிச்சுட்டு நிஜ வயசுல புதுசு ஆரம்பிச்சாச்சு. போன வாரம் அக்கா போன் பண்ணி, "என்னமோ அனுமதி கேக்குதுடா, அமுக்கவா?"ன்னா. பாப்பாவையே கேளு, சொல்லிக் குடுப்பான்னேன்.