பாஸ்போர்ட் முதலில்!



தமிழக அரசின் 'நான் முதல்வன்' ஸ்கவுட் திட்டத்தில் 2024 ஜூனில் தமிழக மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் தங்கிப் பயின்று வந்தார்கள். இனி வரும் தேர்வுப் பட்டியல்களில் எங்கள் ஜவ்வாதுமலைப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். அறிவில் குறைச்சல் இல்லை, காகிதங்களில்தான் சிக்கல்.

ஆதாரில் இனிஷியல் 'கே', மதிப்பெண் பட்டியலில் 'ஜி', சாதிச் சான்றிதழில் அப்பா பெயரே வேறு மாதிரி. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். வீட்டிலேயே பிறந்த சிலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. 1.10.2023க்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழையே காட்டலாம் என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய். அதைவிட, ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கிப் போய்வருவதில் போகும் கூலிதான் வலிக்கிறது. விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்கு வேறு போக வேண்டும்.

ஸ்வெட்டரும் மூன்று முனை பிளக்கும் கடைசி வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம். (மலைக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு டர்ஹாமின் ஜூன் மாதம் பெரிதா என்ன!) பாஸ்போர்ட் அப்படியல்ல. கல்லூரிகள் முதலாண்டிலேயே பெயர்த் திருத்தங்களை முடித்து விண்ணப்பிக்க வைக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நடமாடும் வேனை ஜமுனாமரத்தூருக்கு அனுப்ப வேண்டும்.

- ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்